‘அட்வான்ஸ்டு’ என்று தேடினால் கிடைக்காது!

யூடியூபில் ‘போட்டோகிராபி’ என்று தமிழில் டைப் செய்து பாருங்கள். அப்பர்ச்சர் என்றால் என்ன, ஷட்டர் ஸ்பீடு என்றால் என்ன, ஐ.எஸ்.ஓ என்றால் என்ன... இந்த மூன்றையும் விளக்கும் வீடியோக்கள் வரிசைகட்டி நிற்கும். நல்ல வீடியோக்கள்தான். நானும் அவற்றைப் பார்த்து வளர்ந்தவள்தான். இதழியல் டிப்ளமோவில் கேமராவுக்கென்று கிடைத்த வகுப்புகள் கொஞ்சம். மீதிப் பாடத்தை எடுத்ததெல்லாம் யூடியூப் வாத்தியார்கள்.

அந்த மூன்றும் புரிந்த பிறகுதான் சிக்கலே. ‘அடுத்து என்ன?’ என்று ‘அட்வான்ஸ்டு போட்டோகிராபி’ எனப் போட்டுத் தேடினால், மறுபடியும் அதே மூன்று. இல்லாவிட்டால் லட்ச ரூபாய் லென்ஸின் ரிவ்யூ. அதுவும் இல்லாவிட்டால் ‘ஒரே கிளிக்கில் சினிமா கலர்’ என்று பிரீசெட் விற்பனை. கூட்டம் அதிகம் இருப்பது ஆரம்பப் பாடத்தில். எனவே, எல்லோரும் அங்கேயே கடை விரிக்கிறார்கள்.

எனக்கு வழி காட்டியது ஓர் உப்பளம்.

டிஜிட்டல் டெஸ்க்கில் கட்டுரை எழுதுவதும் நாம்தான், படம் எடுப்பதும் நாம்தான். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்து அதிகம் உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு தூத்துக்குடியில். அங்கே உப்பு வாரும் பெண்களைப் பற்றிய கட்டுரைக்காக, பேசிவிட்டு வர மட்டும் முதலில் ஒருமுறை போனேன். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு, கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை. பேச்சு முடிந்து கிளம்பும்போது ஓர் அம்மா கேட்டார்.

“ஏ பிள்ள, போன வருசமும் படம் எடுக்க ஆள் வந்தாவ. படத்துல உப்பு பளிச்சுனு இருக்கு, எங்க மூஞ்சியத்தான் காணும். நீயாவது தெரியுற மாதிரி எடுப்பியா?”

அடுத்த வாரம் கேமராவோடு வருவதாகச் சொல்லியிருந்தேன். கையில் ஏழு நாள் இருந்தது.

அன்றிரவு பஸ்ஸில் உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். ‘உப்பளத்தில் படம் எடுப்பது எப்படி?’ என்று கேட்டதற்கு உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை. பிறகு கேள்வியை மாற்றினேன். உப்பளத்தில் பிரச்னை உப்பு இல்லை, வெள்ளை. சுற்றிலும் வெள்ளையாக இருக்கும் இடத்தில் வேறு யார் படம் எடுக்கிறார்கள்? பனிமலையில் எடுப்பவர்கள்! ‘ஸ்னோ எக்ஸ்போஷர்’ என்று தேடினேன். கதவு திறந்துகொண்டது.

விஷயம் இதுதான். கேமராவுக்குள் இருக்கும் மீட்டருக்கு வெள்ளை எது, கறுப்பு எது என்று தெரியாது. எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். அதைத்தான் ‘18 சதவிகித கிரே’ என்கிறார்கள். பனியைப் பார்த்ததும் ‘ஐயோ, வெளிச்சம் அதிகம்’ என்று படத்தையே இருட்டாக்கிவிடும். அதனால் பனியில் எடுப்பவர்கள் எக்ஸ்போஷரை வேண்டுமென்றே பிளஸ் ஒன்றிலிருந்து பிளஸ் இரண்டு வரை ஏற்றிவைக்கிறார்கள். பனிக்கு நடப்பதுதான் உப்புக்கும். உப்பளத்தில் அந்த இருட்டு முதலில் விழுங்குவது, வெயிலில் கறுத்த முகங்களை.

கறுத்த முகம் என்றதும் இரண்டாவது கேள்வி வந்தது. வீடியோக்களில் மாடலாக நிற்பவர்கள் பெரும்பாலும் வெள்ளைத்தோல்காரர்கள், ஜன்னலோர மென்மையான வெளிச்சத்தில். நம் நிறத்துக்கு? தேடியபோது ‘ஷெர்லி கார்டு’ பற்றி அறிந்தேன். பிலிம் காலத்தில் பிரின்ட்டின் நிறம் சரியா என்று பார்க்க லேப்களில் வைத்திருந்த மாதிரிப் படம் அது. பல வருடங்களுக்கு அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம் மட்டும்தான். கூகுள் தன் பிக்ஸல் 6 போனில், எல்லா நிறத் தோலும் சரியாகத் தெரிய வேண்டும் என்று ‘ரியல் டோன்’ வசதியைக் கொண்டுவந்ததே 2021-ல்தான். அதன் பிறகு ‘டார்க் ஸ்கின் போர்ட்ரெய்ட் லைட்டிங்’ என்று தேடினேன். முகத்தை வெளுக்க வைக்காமல், அதன் பளபளப்பை வெளிச்சமாகப் பயன்படுத்தச் சொல்லித்தரும் வீடியோக்கள் கிடைத்தன.

‘ஏன்?’ என்ற கேள்விக்கு உதவியவர் மார்க் லெவாய். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவர். பிறகு, கூகுள் போன்களில் இருட்டிலும் படம் எடுக்கவைத்த ‘நைட் சைட்’டுக்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர். 2016-ல் கூகுள் ஊழியர்களுக்கு அவர் எடுத்த 18 வகுப்புகளும் யூடியூபில் இலவசமாக இருக்கின்றன. கிராபிக்ஸ் ஜாலம் எதுவும் கிடையாது. கரும்பலகைப் பாடம் போலத்தான் போகும். ஆனால், அந்தப் பொறுமைக்குப் பலன் உண்டு.

இன்னொன்று, பாடமே இல்லாத பாடம். ‘வார் போட்டோகிராபர்’ என்ற 2001-ம் வருட ஆவணப்படம். ஜேம்ஸ் நாக்ட்வே என்ற போர்முனைப் புகைப்படக்காரரின் கேமரா மேலேயே குட்டி வீடியோ கேமராவைப் பொருத்தி எடுத்திருக்கிறார்கள். அவர் எவ்வளவு மெதுவாக மனிதர்களை நெருங்குகிறார், எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று கூடவே நின்று பார்க்கலாம். எந்த டுடோரியலும் இதைச் சொல்லித் தந்ததில்லை.

இரண்டாவது முறை போனபோது விடியும் முன்பே பாத்தி ஓரம் நின்றேன். வெயில் ஏறியதும், அந்த அம்மாவைச் சூரியனுக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னேன். வெளிச்சம் உப்பில் பட்டுக் கீழிருந்து முகத்துக்குத் திரும்பியது. காசில்லாத ரிஃப்ளெக்டர்! எக்ஸ்போஷரைப் பிளஸ் ஒன்றரைக்கு ஏற்றினேன். உப்பு வெளுத்து ஒன்றும் இல்லாமல் போய்விடாமல் ஹிஸ்டோகிராமில் சரிபார்த்துக்கொண்டேன். பிறகு, அவர் என்னை மறந்து வேலையைப் பார்க்கும்வரை காத்திருந்தேன். திரையில் காட்டியபோது உற்றுப் பார்த்தவர், “நாந்தான்... நெத்தித் தழும்புகூட தெரியுதே” என்று பக்கத்துப் பாத்திக்காரர்களைக் கூப்பிட்டார். அந்தப் படத்தைத்தான் கட்டுரையின் முகப்பில் வைத்தோம்.

அதற்குப் பிறகு வீடியோவைத் தேர்ந்தெடுக்க எனக்கென்று சில கணக்குகள் வைத்திருக்கிறேன். செட்டிங்ஸ் எண்களை மட்டும் சொல்பவரைத் தாண்டிவிடுவேன். அவர் ஊர் வெயிலும் நம் ஊர் வெயிலும் ஒன்றல்ல. ஏன் அந்த எண் என்று சொல்பவரிடம் நின்றுவிடுவேன். கடைசியில் தேறிய ஒரு படத்தோடு, அதற்கு முன் தேறாமல் போன இருபதையும் காட்டுபவர் இன்னும் நல்ல வாத்தியார். ஒரு வீடியோவில் ஒரு பிரச்னையை மட்டும் எடுத்துக்கொள்பவரா என்றும் பார்ப்பேன். பார்த்து முடித்ததும் அடுத்ததை ஓடவிடுவதில்லை. அதை வைத்து ஐம்பது படமாவது எடுத்த பிறகுதான் அடுத்த வீடியோ.

பெரிய கேமரா இல்லையே என்று யோசிக்க வேண்டாம். போனில் முகத்தின் மேல் விரலால் தொட்டால், பெரும்பாலான மாடல்களில் சூரியன் போன்ற ஒரு குறி வரும். அதை மேலே நகர்த்துங்கள். உப்பளத்தில் நான் செய்ததும் அதுவேதான்.

அடுத்த முறை தேடும்போது ‘அட்வான்ஸ்டு’ என்ற வார்த்தையை எடுத்துவிடுங்கள். உங்கள் படத்தில் எது உறுத்துகிறது என்று ஒரே வரியில் எழுதுங்கள். பிறகு, அதே தொல்லை உலகத்தில் வேறு யாருக்கெல்லாம் இருக்கும் என்று யோசியுங்கள். குத்துவிளக்கு ஏற்றும் அம்மாவின் முகம் இருட்டாக விழுகிறதா? மெழுகுவத்தி வெளிச்சத்தில் படம் எடுப்பவர்களைத் தேடுங்கள். கொலு பொம்மைகளில் முன்வரிசை மட்டும் தெளிவாகத் தெரிகிறதா? சின்னச் சின்னப் பொம்மைகளை விளம்பரத்துக்காகப் படம் எடுப்பவர்களிடம் விடை இருக்கும். சரியான கேள்வியைக் கண்டுபிடித்துவிட்டாலே பாதி பாடம் முடிந்துவிடுகிறது.