வரிகளை வடிகட்டும் கலை

இணையத்தளம் ஒன்றை நடத்தும் எவருக்கும், அவர் கேளாமலேயே ஒரு குறிப்பெழுத்தாளர் வாய்த்துவிடுகிறார். அவர் உறங்குவதில்லை, சம்பளம் கேட்பதில்லை. தளத்தைத் தாங்கி நிற்கும் சேவையகத்தின் பதிவேட்டையே சொல்கிறேன். எங்கோ ஓர் ஊரில் ஒருவர் ஒரு பக்கத்தைத் திறந்தால், அக்கணமே அதில் ஒரு வரி ஏறிவிடும். எந்த இணைய முகவரியிலிருந்து கேட்கப்பட்டது, எந்த நாள், எந்த வினாடி, எந்தப் பக்கம், சேவையகம் என்ன எண்ணால் பதிலளித்தது, எத்தனை பைட் போயிற்று என்பன அந்த வரியில் இருக்கும். பக்கத்தில் பத்துப் படங்கள் இருந்தால் ஒரு வருகைக்கே பதினொரு வரிகள் சேரும்.

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் கழித்தவர்களுக்கு இது விசித்திரமான அனுபவம். எத்தனை பிரதிகள் விற்றன என்பது எங்களுக்குத் தெரியும். யார், எந்தப் பக்கத்தில், எவ்வளவு நேரம் நின்றார் என்பது தெரியாது. இப்போது தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அதற்குரிய கருவியின் பெயர் கிரெப்.

கறுப்புத் திரையில் கிரெப் என்று தட்டச்சிட்டு, தேடும் சொல்லையும் கோப்பின் பெயரையும் கொடுத்தால், அச்சொல் உள்ள வரிகளை மாத்திரம் அது பொறுக்கித் தரும். ஐந்து இலட்சம் வரிகள் ஐம்பதாகச் சுருங்கிவிடும். ஒரு கோடும் ‘வி’ என்ற எழுத்தும் சேர்த்தால் தலைகீழாக வேலை செய்யும்: அச்சொல் உள்ள வரிகளை நீக்கி மற்றவற்றைத் தரும். தேடுபொறிகளின் தானியங்கி வருகைகளைக் கழித்து மனித வருகைகளைப் பார்க்க இது உதவும். ‘சி’ சேர்த்தால் வரிகளைக் காட்டாமல் எண்ணிக்கையை மட்டும் சொல்லும்.

ஆனால் இக்கருவி சொன்னதைச் செய்யும், நினைத்ததைச் செய்யாது. காணாமற்போன பக்கங்களைக் கண்டறிய 404 என்று தேடுவதாக வைத்துக்கொள்வோம். 404 என்பது ‘கேட்ட பக்கம் இல்லை’ என்பதற்கான எண். ஆனால் 14,043 பைட் கொண்ட பக்கம் ஒன்று ஒழுங்காகவே அனுப்பப்பட்டிருந்தாலும் அந்த வரியும் வந்து நிற்கும். 14043 என்ற எண்ணுக்குள் 404 ஒளிந்திருக்கிறதல்லவா? புள்ளியின் கதை இன்னும் மோசம். கிரெப்புக்குப் புள்ளி என்பது வெறும் புள்ளியன்று. ‘ஏதாவது ஓர் எழுத்து’ என்று அதற்குப் பொருள். 10.1.1.5 என்ற முகவரியைத் தேடினால் 10.1.145.7 என்ற வேறொரு முகவரியும் அகப்படும். கடைசிப் புள்ளியின் இடத்தில் 4 பொருந்திவிடுகிறது. புள்ளியைப் புள்ளியாகவே கொள்ளச் செய்ய, முன்னால் ஒரு பின்சாய்கோடு இடவேண்டும். ஒப்புநோக்குநர்களுக்கு இது புதிதாக இராது. ஒரு புள்ளி விடுபட்டால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும் மொழி நம்முடையது. இங்கே புள்ளி பிழைத்தால் ஒருவர் மீதான குற்றம் இன்னொருவர் தலையில் விழும்.

கிரெப்பின் பிறப்பும் எழுத்துலகத்தோடு தொடர்புடையதுதான். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்ப்ஸன் இதனை எழுதினார். 1973இல் அது யுனிக்ஸ் முறைமையோடு வெளிவந்தது. ‘எட்’ என்ற திருத்தியில், கோப்பு முழுவதும் தேடி, வடிவத்துக்குப் பொருந்தும் வரிகளை அச்சிடு என்பதற்கு இட்ட கட்டளையின் எழுத்துக்களே பெயராயின. அதே கூடத்தில் பணியாற்றிய பிரையன் கெர்னிகன் ஒரு பின்னணி கூறியிருக்கிறார். லீ மக்மஹொன் என்ற சகா ‘ஃபெடரலிஸ்ட்’ கட்டுரைகளை ஆராய விரும்பினார். அவ்வளவு பெரிய உரை அந்தத் திருத்திக்குள் அடங்கவில்லை. தனிக்கருவி தேவைப்பட்டது என்பது அவர் கூற்று.

அக்கட்டுரைகள் எவை? 1787, 1788ஆம் ஆண்டுகளில் அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து, ‘பப்ளியஸ்’ என்ற புனைபெயரில் வெளியான 85 கட்டுரைகள். ஹமில்ற்றன், மடிசன், ஜே ஆகிய மூவர் அப்பெயருக்குப் பின்னால் இருந்தனர். அவற்றுள் பன்னிரண்டை எழுதியவர் யார் என்ற வழக்கு நெடுங்காலம் தீராதிருந்தது. ஆக, ஒரு புனைபெயரின் திரையை விலக்கும் ஆவலும் இக்கருவியின் தொட்டிலருகே நின்றிருக்கிறது.

அந்த ஆவல் அண்மையில் என் வாசலுக்கும் வந்தது. ஊர்ப் பாடசாலை ஒன்றின் பழைய மாணவர் சங்கத்தைப் பற்றி நான் எழுதியிருந்த கட்டுரையின் கீழே, புனைபெயரில் ஒருவர், கட்டட நிதியின் கணக்கு எங்கே என்று கேட்டிருந்தார். வசையில்லை, கேள்வி மட்டும். இரண்டு நாளில் சங்கத்தின் முன்னாள் நிர்வாகி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, உது ஆர் எழுதினது எண்டு உம்மாலை பாக்கேலுந்தானே?”

“பாத்தாலும் சொல்லேலாது அண்ணை.”

“உமக்கும் எனக்கும் இடையிலைதானே...”

பார்ப்பது எளிது. கருத்து இடப்பட்ட நிமிடம் தெரியும். எழுதி அனுப்பும் கோரிக்கைகளைச் சேவையகம் ‘போஸ்ட்’ என்று தனியே குறிக்கும். நிமிடத்தையும் அச்சொல்லையும் வைத்துத் தேடினால் இரண்டொரு வரிகளே மிஞ்சும். அகப்பட்ட முகவரியை மீண்டும் தேடினால், அம்மனிதர் எந்தக் கட்டுரையை நள்ளிரவில் வாசித்தார், எதற்குத் திரும்பத் திரும்ப வந்தார் என்பதெல்லாம் வரிசையாக வந்துவிடும். ஒரு கேள்வி கேட்டதற்காக ஒருவருடைய வாசிப்பு முழுவதையும் விரித்துக் காட்டுவது என்ன நியாயம்?

இவ்வளவுக்கும் முகவரி ஆளைச் சொல்வதில்லை. கைத்தொலைபேசி நிறுவனங்கள் பெருந்தொகையான வாடிக்கையாளரை ஒரே முகவரியின் பின்னால் வைப்பதுண்டு. ஒரு வீட்டில் தகப்பனும் மகளும் ஒரே முகவரியில்தான் வாசிப்பர். ஆனால் ஊகிக்கத் துடிப்பவருக்கு நகரத்தின் பெயரே போதும். “ஓ, ரொறன்ரோவோ? அப்ப அவன்தான்” என்று முடித்துவிடுவார்.

நம் நாட்டில் எழுத்தின் பொருட்டு மனிதர் கொல்லப்பட்டிருக்கின்றனர். ‘தராக்கி’ என்ற புனைபெயரில் எழுதிய சிவராம் கடத்திக் கொல்லப்பட்டது 2005 ஏப்ரலில். பாடசாலைக் கணக்கை அத்துடன் ஒப்பிடுவது மிகை என்பதை அறிவேன். ஆயினும் தகவல் தந்தவரின் பெயரைச் சொல்லாதே என்ற தொழில் விதிக்கு, சிறிய செய்தி பெரிய செய்தி என்ற பேதமில்லை.

பதிவேட்டைப் பார்ப்பதே பாவம் என்பதன்று என் கட்சி. ஒரே முகவரி இரவிரவாக நூற்றுக்கணக்கான தடவை கடவுச்சொற் பக்கத்தைத் தட்டுகிறதென்றால், அதைத் தேடிப் பிடித்துத் தடுக்கத்தான் வேண்டும், நான் செய்கிறேன். கருவி ஒன்றுதான், கட்டளையும் ஒன்றுதான். பூட்டை உடைக்க வந்தவனைத் தேடுவது காவல். கேள்வி கேட்க வந்தவரைத் தேடுவது வேவு.

இப்போது என் பதிவேடு பதினான்கு நாளுக்கு மேல் இருப்பதில்லை; அதன்பின் தானாக அழியும்படி செய்திருக்கிறேன். திருடனைப் பிடிக்க எனக்கு அவ்வளவு போதும். அந்தப் புனைபெயர்க்காரரின் வரியும் அப்படியே போயிற்று. அவருடைய கேள்வி மாத்திரம் கட்டுரையின் கீழே இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.