வாய்விட்டுப் படித்த புத்தகங்கள்

நான் கதை எழுதுகிறவன் என்று தெரிந்த மாத்திரத்தில் சில பெற்றோர்கள் என்னிடம் ஒரு ஜாபிதா கேட்கிறார்கள். "எங்கள் பெண்ணுக்குப் பத்து வயசு. நீங்கள் சிறு பிராயத்தில் படித்ததில் நல்லதாக நாலைந்து புத்தகம் சொல்லுங்களேன்" என்கிறார்கள். சொல்வதில் எனக்குச் சிரமம் இல்லை. தீபாவளிப் பட்சணங்களின் பெயரைச் சொல்வதைப்போல அது வாய்க்கு இதமான வேலை. அந்த ஜாபிதாவை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் சந்தேகம்.

1980களின் கடைசியில் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீதிப் பையன்களிடையே அதிகமாகக் கை மாறியவை சிவகாசிச் சித்திரக் கதைகள். முத்து காமிக்ஸ் 1972-ல் தன் முதல் இதழாகவே வெளியிட்ட 'இரும்புக்கை மாயாவி'க்கு அப்போதும் மவுசு குறையவில்லை. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்து போவான். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அதைப் படித்துவிட்டு ஸ்விட்சுப் பலகையை ஏக்கத்தோடு பார்த்த பையன்கள் உண்டு. அப்புறம் அம்புலிமாமா, அழ. வள்ளியப்பாவின் 'வேட்டை நாய்'. இவற்றையெல்லாம் எவரும் எனக்குச் சிபாரிசு செய்யவில்லை. செய்திருந்தால் ஒருவேளை படித்திருக்க மாட்டேன்.

சத்திரம் பஸ் நிலையத்துப் பக்கம் நடைபாதையில் மாஸ்கோ புத்தகங்கள் கிடைக்கும். மாஸ்கோவிலேயே தமிழில் அச்சிட்டவை. கெட்டி அட்டை, நல்ல காகிதம், விலையோ ஒரு வேளை டிபன் செலவுதான். அங்கே கிடைத்தது ஐத்மாத்தவ் எழுதிய 'முதல் ஆசிரியர்'. தானே அரைகுறையாகப் படித்த ஓர் இளைஞன், கிர்கீஸிய மலைக் கிராமத்துக்கு வந்து, பாழடைந்த குதிரை லாயத்தைப் பள்ளிக்கூடமாக்குகிறான். உறைய வைக்கும் ஓடையில் இறங்கி, சிறு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அக்கரை சேர்க்கிறான். குதிரைமேல் போகிற பணக்காரர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். மார்கழிக் குளிரைத் தவிர வேறு குளிர் அறியாத எனக்கு அதைப் படித்தபோது உள்ளங்கால் சில்லிட்டது. 1991 டிசம்பரில் சோவியத் யூனியன் கலைந்தது. அந்தப் புத்தகங்களின் வரத்தும் நின்றது. இந்தக் கதை மட்டும் இங்கே மறுபதிப்பாகி வந்திருக்கிறது. என் ஜாபிதாவில் இதற்கு எப்போதும் இடம் உண்டு.

ஆனால் முதலிடம் 'பொன்னியின் செல்வ'னுக்குத்தான். இதில் புதுமை ஒன்றும் இல்லை, எல்லோரும் சொல்வதுதான். கல்கி 1921-ல் திருச்சியில் மாணவராக இருந்தபோது ஒத்துழையாமை இயக்கத்துக்காக இறுதிப் பரீட்சைக்கு முன்பே படிப்பை விட்டவர். படிப்பைப் பாதியில் விட்டவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பாசம் அதிகம். நானும் அந்தக் கட்சி.

எங்கள் பாட்டி, 1950 முதல் 1954 வரை வாராவாரம் பத்திரிகையில் வந்த பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, மணியம் வரைந்த படங்களோடு பைண்டு செய்து வைத்திருந்தாள். எனக்கு ஒன்பது வயதாகும்போது அவள் கண்ணில் புரை விழுந்துவிட்டது. "நீ படி, நான் கேக்கறேன்" என்றாள். திண்ணையில் விளக்கு வைத்த பிறகு அரை மணி நேரம். 'ள'வும் 'ழ'வும் என் வாயில் ஒன்றாக விழுந்தால், "மறுபடி" என்பாள். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் ஜனங்கள் கட்டுச்சோறு பிரித்து உட்காரும் இடத்தில் கதை ஆரம்பிக்கிறது. அந்த நாளில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் நாங்களும் அதையேதான் செய்தோம். ஆகையால் அதெல்லாம் ஆயிரம் வருஷத்துச் சங்கதி என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆழ்வார்க்கடியான் தடியும் கையுமாகச் சைவர்களோடு வாதுக்கு நிற்கும் இடத்தைப் பாட்டி இரண்டு தரம் படிக்கச் சொல்வாள். திருவானைக்காவலிலிருந்து ஒரு மாமி வருவதுண்டு. அவள் இருந்தால் மூன்று தரம்.

என் தம்பி பெண் இப்போது அதே வீட்டில்தான் வளர்கிறாள். பத்து வயசு. தமிழில் அவள் பேச ஆரம்பித்தால் எதிராளி வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். இங்கிலீஷில் முந்நூறு பக்கத்தை இரண்டு நாளில் முடிக்கிறாள். அச்சிட்ட தமிழைக் கண்டால் மட்டும் எழுத்துக் கூட்டுகிறாள். பிறந்த நாளுக்கு நான் கொடுத்த ஐந்து பாகங்களும் ஏழு மாதம் அவள் மேஜையில் கம்ப்யூட்டருக்கு மணையாக இருந்தன. இந்த ஊரில் அவள் ஒருத்தி மட்டும் அப்படி இல்லை. கெட்டிக்காரக் குழந்தைகள்தான், வீட்டில் பேசுகிற பாஷை பக்கத்தில் ஏறி உட்கார்ந்ததும் அவர்களுக்கு அந்நியமாகிவிடுகிறது. அவர்களைத் திட்டுவதில் அர்த்தம் இல்லை. பாட்டிக்கும் கண்தான் போயிற்று, காது இருந்தது. இவர்களுக்கும் காது நன்றாகவே இருக்கிறது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் உறையூரிலிருந்து பஸ் ஏறிப் போய், நான் படிக்கிறேன், அவள் கேட்கிறாள். முதல் இரண்டு வாரம் மரியாதைக்காக உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது வாரம், "பெரியப்பா, அந்த நம்பி நிஜமாவே பக்தனா, இல்லே ஒற்றனா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. பழைய தொடர்கதைக்காரர்களின் தந்திரம் எனக்கும் கொஞ்சம் தெரியும். குடந்தை சோதிடர் வீட்டோடு நிறுத்திவிட்டேன். அடுத்தாற்போல் ஆற்றங்கரை முதலை வருகிறது. அதை நானே படித்து, அவள் சிரிப்பதைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை.

இடையில் ஒரு வேலையாகச் சென்னைக்குப் போனேன். இரண்டு ஞாயிறு தவறிப்போயிற்று. இரண்டாம் ஞாயிறு ராத்திரி டெலிபோன் வந்தது.

"பெரியப்பா, ரவிதாஸன்னு ஒருத்தன் வரானே, அவன் யாரோட ஆள்?"

முதலையைத் தாண்டி வெகு தூரம் போன பிறகுதான் அந்தப் பெயர் வருகிறது.