நிமிர்ந்து நில் என்றேன்

மாணவரைப் பார்த்து, "நிமிர்ந்து நில்" என்று சொல்வதிலேயே என் ஆசிரிய வாழ்வின் பெரும்பகுதி கழிந்துவிட்டது. இருபது ஆண்டுகளாகக் கல்லூரியிற் செய்துவந்த இவ்வேலையை வீட்டிலும் தொடர்ந்தேன். என் மகளுக்குப் பதின்மூன்று வயது. கொழும்பிலே பாலே நடனம் பயில்கின்றாள். புத்தகத்தின்மீதும் கைத்தொலைபேசியின்மீதும் கவிழ்ந்து கூனிப்போகின்றாளே என்ற கவலையால், "நெஞ்சை முன்னே தள்ளு, தோள்களைப் பின்னே இழு" என்று காலையும் மாலையும் கட்டளையிட்டு வந்தேன். அவளும் சொன்னபடியே செய்தாள். அதுவே வினையாயிற்று.

சென்ற தவணை முடிவில் அவளுடைய நடன ஆசிரியை என்னை அழைத்து, பிள்ளையின் கால்களிற் குறையில்லை, கைகளே விறைத்து நிற்கின்றன என்றார். கைகளைத் தலைக்குமேல் உயர்த்தும்போதெல்லாம் விலா முன்னே பிதுங்கி, இடுப்பு வளைந்து, கழுத்துக் குறுகிவிடுகின்றதாம். வலது தோளில் நோவும் இருந்திருக்கின்றது. அதை அவள் என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நடனத்தையே நிறுத்திவிடுவேன் என்று அஞ்சினாளாம். அந்த அச்சம் காரணமற்றதென்று என்னாற் சொல்ல முடியாது.

பாலேயிலே கைகளைக் கொண்டுசெல்லும் முறைக்குப் பிரெஞ்சு மொழியில் 'போர் த பிரா' என்று பெயர். ரஷ்ய நடன ஆசிரியை அக்ரிப்பினா வாகனோவா (1879–1951) 1934 இல் வெளியிட்ட நூலிலே இதற்கென ஆறு பயிற்சிகளை வகுத்துள்ளார். பக்கவாட்டில் விரித்த கை விறைப்பாக நீண்டு நிற்பதில்லை. தோளிலிருந்து முழங்கைக்கும், அங்கிருந்து மணிக்கட்டுக்கும் சற்றே சரிந்து இறங்கும். தோளில் விழுந்த நீர்த்துளி விரல்நுனிவரை வழிந்தோட வேண்டும் என்பது ஆசிரியர்கள் வழக்கமாகக் கூறும் உவமை. முழங்கை தொங்கினால் துளி அங்கேயே விழுந்துவிடும்.

அக்கையைத் தாங்குவதோ முதுகு. தோட்பட்டை என்பு, தசைகளாற் பிடிக்கப்பட்டு, விலாக்கூட்டின்மேல் வழுக்கிச் செல்வது. கை 180 பாகை உயரும்போது ஏறத்தாழ 60 பாகை அவ்வென்பின் சுழற்சியாலேயே கிடைக்கின்றது. நான் அதைப் பின்னே இழுத்துப் பூட்டிவிட்டேன். குறைந்த பாகைகளை விலாவும் இடுப்பும் வளைந்து ஈடுசெய்தன.

நோவை வைத்தியரிடம் காட்டினோம். சில நாள் ஓய்வு போதும் என்றார். பின்னர் ஆசிரியை தந்த பயிற்சி மிக எளியது. முழங்கால்களை மடித்துப் பாயில் மல்லாந்து படுத்து, மூச்சை மெல்ல விட்டபடி இரு கைகளையும் தலைக்கப்பால் கொண்டுபோக வேண்டும். முதுகுப்புற விலா பாயை விட்டு எழத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். நிற்கும்போது நெஞ்சைத் தள்ளாமல், உச்சந்தலையை யாரோ மெல்ல மேலே உயர்த்துவதாக எண்ணிக்கொள்ள வேண்டும். பார்வை கையைத் தொடர வேண்டும். நான் வாய் திறவாதிருப்பதும் பயிற்சியில் ஒரு பகுதியென ஆசிரியை சிரித்துக்கொண்டே சொன்னார். அதுவே எனக்குக் கடினமாயிருந்தது.

முதல் வாரம் அவள் கைகள் பாதிவழியிலேயே நின்றன. ஆறாம் வாரம் ஒரு மாலை, பாயில் கிடந்தவள், "அப்பா, நீங்களும் ஒருக்கால் படுத்துப் பாருங்கோ" என்றாள். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு படுத்தேன். என் கைகள் காதுவரைகூட வரவில்லை. அவள் தன் உள்ளங்கையை என் விலாவின்மேல் வைத்தாள்.

"எழும்புது அப்பா, எழும்புது. கையைக் கொஞ்சம் இறக்குங்கோ."