உறிகளுக்கு நடுவே காற்று

தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டின் பின்புறத்தில் இருக்கிறது அந்தக் கொட்டகை. 10 அடி அகலம், 16 அடி நீளம். மேலே தென்னங்கீற்று, உள்ளே மணல் பரப்பிய தரை, சுற்றிலும் தண்ணீர் தெளித்த சாக்குப் படுதா. இதற்குள்தான் ஒரு அக்காவும் அவருடன் வேலை செய்யும் இரண்டு பெண்களும் ஆண்டு முழுக்கச் சிப்பிக் காளான் எடுக்கிறார்கள். இவ்வளவு சிறிய இடத்தில் அதிகபட்சம் எவ்வளவு எடுக்க முடியும் என்று கேட்கத்தான் போயிருந்தேன். அக்கா அந்தக் கேள்வியை அப்படியே ஒதுக்கிவிட்டு, "மொதல்ல வைக்கோலப் பாருங்க தம்பி" என்று பின்கட்டுக்குக் கூட்டிப்போனார்.

புது வைக்கோலாக இருக்க வேண்டும், மழையில் நனைந்ததாக இருக்கக் கூடாது. ஒன்றரை, இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, பிறகு பெரிய டிரம்மில் போட்டு ஒரு மணி நேரம் வேகவைக்கிறார்கள். வைக்கோலில் ஏற்கெனவே குடியிருக்கும் வேறு பூஞ்சைகளை ஒடுக்குவதற்கே இந்த வேக்காடு. அரைகுறையாக வெந்த வைக்கோலில் நாம் விரும்பும் காளானுக்கு முன்பே பச்சைப் பூசணம் முந்திக்கொள்ளும். பூசணம் பிடித்த பையை எடுத்து அப்புறப்படுத்துவதைத் தவிர வழியில்லை.

வெந்ததை நிழலில் உலர்த்தும் இடத்தில்தான் கைப்பக்குவத்தைப் பார்த்தேன். அங்கிருந்த பெண் ஒரு பிடி வைக்கோலை எடுத்து இறுக்கிப் பிழிந்தார். ஒரு சொட்டுகூட விழவில்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினார், ஈரம் மட்டும் மினுங்கியது. சொட்டினால் இன்னும் கொஞ்ச நேரம் காய வேண்டும். கை நனையாவிட்டால் காய்ந்தது அதிகம். புத்தகங்கள் 65 சதவீத ஈரப்பதம் என்று எழுதுவது இதைத்தான். அங்கே எந்தக் கருவியும் இல்லை, அவர் கைதான் அளவு.

பாலித்தீன் பையில் இரண்டு அங்குலத்துக்கு வைக்கோல், ஓரம் சுற்றி ஒரு கை வித்து, மறுபடி வைக்கோல், மறுபடி வித்து என்று ஐந்து அடுக்கு. வித்து என்பது வேகவைத்த சோளத்தில் வளர்த்த காளான் பூசணம். அடுக்குக்கு அடுக்கு நன்றாக அமுக்குகிறார்கள், உள்ளே வெற்றிடம் இருந்தால் அங்கே காளான் பூசணம் ஓடாது. வாயைக் கட்டி, பக்கவாட்டில் சின்னத் துளைகள் இட்டு, இருட்டறையில் தொங்கவிட்டால் 15 முதல் 20 நாளில் பை முழுக்க வெள்ளை படர்ந்துவிடும். அதன் பிறகு பையைக் கிழித்து நீக்கிவிட்டு, படுக்கையை வெளிச்சமும் காற்றும் உள்ள அறைக்கு மாற்றுகிறார்கள்.

ஒன்றன்கீழ் ஒன்றாக உறி கட்டி இந்தப் படுக்கைகளைத் தொங்கவிடுகிறார்கள். தரையில் அடுக்கியிருந்தால் கொள்ளக்கூடியதைவிடப் பல மடங்கு இப்படிக் கொள்ளும். ஆனால் கொட்டகையில் நான் கண்டது நெரிசல் அல்ல. உறிக்கும் உறிக்கும் நடுவே ஓர் ஆள் தோள் இடிக்காமல் நடக்கலாம். "புதுசுல நெருக்கி நெருக்கிக் கட்டுனோமுங்க. காளானும் வந்துச்சு. ஆனா காம்பு வெரல் நீளம், குடை சட்டைப் பொத்தான் அளவு. எந்தக் கடைக்காரரும் வாங்க மாட்டேன்னுட்டாரு" என்றார் அக்கா. காளான் செடி அல்ல, நம்மைப் போல் உயிர்க்காற்றை இழுத்துக் கரியமில வாயுவை விடும் உயிர். மூடிய அறையில் அந்த வாயு கூடக்கூடக் காம்பு நீண்டு குடை சிறுத்துப்போகும். அவர்கள் உறிகளில் மூன்றில் ஒரு பங்கைக் கழற்றினார்கள். மேலும் கீழும் வலை அடித்த சன்னல் வைத்தார்கள். எடை கூடியது. சின்ன இடத்தில் விளைச்சலைக் கூட்டுவது என்றால் பெரும்பாலோர் எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள். இந்தக் கொட்டகையைப் பார்த்த பிறகு, காலி இடத்தையும் ஓர் இடுபொருளாகக் கணக்கில் எழுத வேண்டும் என்றே நான் உறுதியாகச் சொல்வேன்.

காற்றைத் திறந்தால் ஈரம் ஓடிவிடும் என்பது இதன் மறுபக்கச் சிக்கல். 80 சதவீதத்துக்குக் குறையாமல் ஈரப்பதம் நிற்க வேண்டும். ஆகவே ஒரு நாளில் பலமுறை சாக்கையும் மணலையும் நனைக்கிறார்கள். மொட்டு கட்டிய மூன்றாம் நாள் அறுவடை. முதலில் பறிப்பு, அப்புறம்தான் தண்ணீர் தெளிப்பு, நனைந்த காளான் சீக்கிரம் அழுகிவிடும். ஒரு படுக்கையில் மூன்று முறை பறிக்கலாம். காய்ந்த வைக்கோல் ஒரு கிலோவுக்கு மொத்தமாக அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை காளான் கிடைக்கிறது.

பயிற்சிகளில் போதுமான அழுத்தம் பெறாத ஒன்று இருக்கிறது. குடையின் ஓரம் மேல்நோக்கி மடங்கத் தொடங்கினால் அடிப்பக்கத்துச் செவுள்களிலிருந்து வித்துத்தூள் உதிரும். கண்ணுக்குப் புகைபோலத் தெரியும். அதைத் தொடர்ந்து சுவாசிக்கும் தொழிலாளிக்கு இருமல், இளைப்பு, காய்ச்சல்கூட வரும். அந்த இரண்டு பெண்களில் மூத்தவர், பக்கத்து ஊர்க் கொட்டகை ஒன்றில் முன்பு வேலை பார்த்தபோது இரவெல்லாம் இருமியதாகச் சொன்னார். அங்கே முகக்கவசம் கிடையாது, எடை கூடட்டும் என்று குடை மடங்கும்வரை காத்திருந்து பறித்தார்களாம். இங்கே முகக்கவசம் இல்லாமல் யாரும் உள்ளே போவதில்லை. குடை மடங்குவதற்கு முன்பே பறித்துவிடுகிறார்கள். சில கிராம் எடைக்காக ஒரு பெண்ணின் நுரையீரலைக் கெடுக்கும் பறிப்புமுறை எந்த லாபக் கணக்கிலும் இடம்பெறக் கூடாது.

கோடையில் சிப்பிக்குச் சூடு தாங்காது. அதனால் பக்கத்தில் பாதி ஆழம் மண்ணுக்குள் இறங்கிய ஒரு குடில் தயாராகிறது, மேலே நீல நிற பாலித்தீன் கூரை. அது பால் காளானுக்கு. 1974-இல் வங்காளத்தில் கண்டறியப்பட்டு உலகுக்கு விவரிக்கப்பட்ட இந்த வகையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வளர்ப்புக்குக் கொண்டுவந்து, 1998-இல் ஏபிகே 2 என்ற ரகமாக வெளியிட்டது. ஏபிகே என்பது அருப்புக்கோட்டை. 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் செழிக்கும். வெள்ளை படர்ந்த படுக்கையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, அதன்மேல் வேகவைத்த மண்ணை இரண்டு சென்டிமீட்டர் போர்த்தினால் பத்து நாளில் மொட்டு எட்டிப்பார்க்கும். சிப்பி மறுநாளே வாடிவிடும், பால் காளான் சில நாள் தாங்கும். விற்காமல் திரும்பிவரும் பொட்டலங்களால் இரண்டு கோடையாக நட்டப்பட்ட அக்காவுக்கு இந்தச் சில நாள்தான் பெரிய விஷயம். குடிலின் கிழக்குச் சுவரில் காற்றுக்கு எங்கே துளை விடுவது என்று கொத்தனாரிடம் சாக்கட்டியால் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.