ராயக்கோட்டை மலையைப் பார்த்தவர்கள்

ராயக்கோட்டை தக்காளி மண்டி. கிரேட்டுகள் இறங்கும் சத்தம். நிமிர்ந்தால் மலை. 1792-இல் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் இந்தப் பக்கம் வந்து இதே மலையை வரைந்தார்கள். அவர்களுடைய 'ஓரியண்டல் சீனரி' தொகுப்பில் பாராமகால் சீமையின் ராயக்கோட்டையாக அது இருக்கிறது. ஓசூருக்கும் ஒரு படம் உண்டு. அதில் ஊர் மைசூர்ச் சீமையைச் சேர்ந்தது.

*

ஏன் இந்த மலை? 1791-இல் கம்பெனிப் படை இந்தக் கோட்டையைப் பிடித்தது. மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகாலே திப்புவின் கையை விட்டுப் போனது. படை வந்த தடத்தில் ஓவியர்கள் வந்தார்கள். படம் அழகுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது புதிதாகக் கைக்கு வந்த சொத்தைத் தள்ளி நின்று பார்க்கிற கண்.

*

மல்லசந்திரம் மலைமேல் உள்ள கற்திட்டைகள். உள்பலகைகளில் வெள்ளை ஓவியங்கள்: ஆட்கள், விலங்குகள். மலையை வரையவில்லை. வரைந்தவர்கள் மலைமேல்தானே இருந்தார்கள்! அந்தக் கல்லே அவர்களுக்குச் சுவர், கூரை, செத்தவர்களுக்கு வீடு.

*

கிருஷ்ணகிரி சாலையோரம் நின்ற டாரஸ் லாரியில் ஒரே ஒரு கருங்கல் பிளாக். விளிம்பு நெடுக டிரில் போட்ட தடம், பாதிக் குழாய்களை நெருக்கி அடுக்கியதுபோல. ஒன்றில் கட்டைவிரலை வைத்தேன். சரியாகப் பொருந்தியது. உள்ளே மாவு போல வெள்ளைத் தூசி.

*

எழுபதுகளில் ஓசூருக்கு சிப்காட் வந்தது. பிறகு லேலண்ட், டிவிஎஸ், டைட்டன். பல குடும்பங்கள் நிமிர்ந்தன, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். எனக்கு வருத்தம் வேறு. 'சைட்' விற்கும் பிளெக்ஸில் பனி மூடிய மலையைப் போடுகிறார்கள். நம் மொட்டைப் பாறை ஒன்றைக்கூட அதில் பார்த்ததில்லை. அதை வெட்டி ஏற்றுகிற சரக்காக மட்டுமே பார்க்கப் பழகிவிட்டோம்.

*

மறுபடி மண்டி. மலையைப் பென்சிலில் கோடிழுத்துக்கொண்டிருந்தேன். லோடு இறக்கும் பையன் எட்டிப் பார்த்தான்.

"மேல சுனை இருக்குதே சார், அதப் போடலீங்களா?"

"இங்கேயிருந்து தெரியலையேப்பா."

"ஏறினாத்தான் சார் தெரியும். இங்க வரும்."

தாளில் உச்சிக்குச் சற்றுக் கீழே விரலை வைத்துக் காட்டினான். விரலிலிருந்த தக்காளிச் சாறு அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டது.