பின்பாட்டுக்காரர்

சங்ககிரி, எடப்பாடி பக்கம் கோயில் நோம்பியில் உடுக்கைப் பாட்டு கேட்டவர்களுக்குத் தெரியும், அண்ணன்மார் கதை பாட ஒரு ஆள் போதாது. உடுக்கை அடித்துக் கதை சொல்ல ஒருவர், பின்பாட்டுக்கு ஒருவர். முதலாமவர் ஒரு அடியை முடித்ததும் மற்றவர் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார். முதலாமவர் மூச்சு விடுவதும், அடுத்த அடியை நினைவுக்குக் கொண்டு வருவதும் அந்த நேரத்தில்தான்!

1965-ல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் ராமசாமி, பழனிசாமி என்ற இருவர் இந்தக் கதையை இரவு இரவாகப் பாடினார்கள். பிரெண்டா பெக் என்ற மானுடவியல் ஆய்வாளர் அதை டேப்பில் பதிவு செய்தார். கதையில் என்னதான் இல்லை? கொம்பன் என்ற ராட்சசப் பன்றி, வரப்போவதைக் கனவில் காணும் தங்கை, இறந்த அண்ணன்மாரை அவள் எழுப்பும் அதிசயம்... இத்தனைக்கும் ஒரு உடுக்கை, இரண்டு குரல், அவ்வளவுதான்.

மூன்று வருடம் கழித்து லண்டனில் வேறொரு ஜோடி. பெயர் டைரனோசரஸ் ரெக்ஸ்! மார்க் போலன் கிடார் வாசித்துப் பாடுவார். ஸ்டீவ் பெரெக்ரின் டுக் பாங்கோ தட்டி பின்குரல் கொடுப்பார். டுக் தன் பெயரையே டோல்கீன் நாவலிலிருந்து எடுத்தவர். மேடையில் கம்பளம் விரித்து சம்மணம் போட்டு உட்கார்வார்கள். பாட்டு முழுக்க மந்திரவாதிகளும் மாய மிருகங்களும். இந்த வகையை சைக்கடெலிக் ஃபோக் என்பார்கள். 1968-ல் இரண்டு ஆல்பம், 1969-ல் 'யூனிகார்ன்'. போலனின் குரல் நடுங்கி நடுங்கி வரும், பாதி வார்த்தை புரியாது. அந்தக் குரலைத் தாங்கிப் பிடிப்பது டுக்கின் பின்குரல்தான்.

டுக்கும் பாட்டு எழுதினார். ஆனால் மூன்று ஆல்பத்திலும் பாடல்கள் போலனுடையவை மட்டுமே. 1969 அமெரிக்கப் பயணத்தோடு டுக் வெளியேற்றப்பட்டார். போதையும் மேடையில் செய்த கலாட்டாவும் ஒரு காரணம், மறுப்பதற்கில்லை. அடுத்த ஆல்பத்தில் எலக்ட்ரிக் கிடார் வந்தது, குழுவின் பெயர் டி. ரெக்ஸ் என்று சுருங்கியது, போலன் பெரிய நட்சத்திரமானார். 1977-ல் கார் விபத்தில் அவர் இறந்தபோது வயது 29. டுக் 1980-ல் இறந்தார், வயது 31. போலனைத் தெரிந்த பலருக்கு டுக்கைத் தெரியாது.

பின்பாட்டு என்றாலே அடங்கிக் கிடப்பதுதானே என்று கேட்கலாம். உடுக்கைப் பாட்டில் அப்படி இல்லை. திருப்பிப் பாடிப் பாடியே முழுக் கதையும் அவர் மனதில் ஏறிவிடும். ஒருநாள் உடுக்கை அவர் கைக்கு வரும். அந்த வழி இருப்பதால்தான் வாய்வழியாகப் பாடும் கதை தலைமுறை தாண்டி வந்திருக்கிறது. டுக்குக்குக் கிடைக்காமல் போனது அந்த வழிதான்.

அடுத்த நோம்பிக்குப் போனால் உடுக்கையை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரையும் கொஞ்சம் கவனியுங்கள்.