39 வயதில் தொடங்கிய ஆட்டம்

அமெரிக்கக் கால்பந்து என்று ஒன்று இருக்கிறது. பேர்தான் கால்பந்து, ஆட்டம் பெரும்பாலும் கையில்தான். தலைக்கவசமும் தோளில் பட்டையும் கட்டிக்கொண்டு மோதுவார்கள். மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது பொழுது போகாமல் நானும் டி.வி. முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். முதல் இரண்டு வாரம் ஒன்றும் புரியவில்லை. மூன்றாவது வாரம் ஒரு ஆள் மட்டும் கண்ணில் நின்றார். வரிசையின் ஓரத்தில், பக்கத்து ஆளோடு ஒட்டி நிற்பவர். 'டைட் எண்ட்' என்று பெயர். ஒரு முறை எதிராளியை முட்டித் தள்ளித் தன் ஆட்களுக்கு வழி விடுவார். அடுத்த முறை அவரே ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பார். முட்டுகிற வேலையை யாரும் கவனிப்பதில்லை.

இந்த இடத்தில் ஆடிய பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவர் டோனி கன்சாலஸ். 1976 பிப்ரவரியில் பிறந்தவர். 1997 முதல் 17 வருடம், கன்சாஸ் சிட்டிக்கு 12, அட்லாண்டாவுக்கு 5. அத்தனை வருடத்தில் அவர் ஆடாமல் விட்டது இரண்டே இரண்டு ஆட்டம். 1,325 முறை பந்தைப் பிடித்திருக்கிறார். கல்லூரியில் கூடைப்பந்தும் ஆடியவராம். (ராஜபாளையத்து நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.) 2013 டிசம்பர் கடைசியில், 37 வயதில், போதும் என்று விடைபெற்றார். சம்பாதிக்க வேண்டியதைச் சம்பாதித்து முடித்திருந்தார்.

இனி நம் ஆளுக்கு வருகிறேன். தர்மராஜ் சேரலாதன், தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர். பிறந்தது 1975 ஏப்ரல். அதாவது கன்சாலஸை விடப் பத்து மாதம் மூத்தவர். புரோ கபடி லீக் தொடங்கியது 2014 ஜூலை 26. கன்சாலஸ் ஓய்வு பெற்று ஏழு மாதம் கழித்து, அவரைவிட மூத்த ஒருவர் தன் முதல் சீசனுக்கு பெங்களூரு அணியின் பனியனை மாட்டுகிறார். வயது 39.

அதற்கு முன்னால் இவர் ஆடாமல் இருந்தாரா என்றால் இல்லை. ஆட்டம் இருந்தது, ஆட்டத்துக்குக் காசு இல்லை. நம் பக்கம் கபடி ஆடியவர்களுக்கு அது புதிய செய்தியா என்ன?

எழுபதுகளில் எங்கள் ஊர்ப் பக்கம் அதற்குச் சடுகுடு என்றுதான் பெயர். கரிசலில் ஆடினால் வெடிப்பில் கால் மாட்டும். அதனால் மாட்டு வண்டியில் செம்மண் கொண்டுவந்து கொட்டி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புத் தூளால் கோடு போடுவார்கள். ஆடுகிறவர்கள் பாதிப்பேர் தீப்பெட்டி ஆபீஸ், மீதிப்பேர் பட்டாசு ஆலை. பரிசு ஒரு குத்துவிளக்கு, பெரிய போட்டியானால் ஒரு ஆட்டுக்கிடா. கிடாவை அன்று ராத்திரியே சாப்பிட்டு முடித்துவிடுவோம்.

என் பெரியம்மா மகன் எங்கள் அணியில் கார்னர். பாடி வருகிறவன் கோட்டைத் தொட்டுத் திரும்புகிற அந்த ஒரு நொடியில் குனிந்து கணுக்காலைப் பிடிக்கிற வேலை. அண்ணன் பட்டாசு ஆலையில் இருந்தார். அலுமினியப் பவுடர் கையை விட்டு லேசில் போகாது. அவரிடம் மாட்டியவன் எழுந்து போகும்போது கணுக்காலில் ஐந்து விரலும் வெள்ளியாகப் பதிந்திருக்கும். விருதுநகர் பங்குனிப் பொங்கலுக்குப் போனால், 'வெள்ளிக் கை வந்துட்டாருப்பா' என்று அடுத்த ஊர்க்காரர்களே சொல்வார்கள்.

விளையாட்டுக்காரர்களுக்கு வேலை தருகிறோம் என்று ஒரு அலுவலகத்திலிருந்து தேர்வுக்கு அழைத்தார்கள். அண்ணன் போனார், நாலு பேரைப் பிடித்துக் காட்டினார். 'ஆட்டம் நல்லா இருக்கு, வயசு மூணு மாசம் கூடிப்போச்சு' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவருக்கு அப்போது 25 வயதும் மூன்று மாதமும். அதற்கப்புறமும் ஏழெட்டு வருடம் ஆடினார். ஒரு நாள் முழங்கால் விலகியது. கட்டுப் போட்ட காலோடு மறுவாரம் ஆலைக்குப் போனார். தீபாவளிக்கு முந்திய மாதங்களில் சும்மா படுத்திருக்க முடியுமா?

சேரலாதன் செய்ததும் அதே பிடிக்கிற வேலைதான். கபடியில் கைதட்டல் பாடிப் போகிறவருக்கு. 30 விநாடியில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தால் கூட்டம் எழுந்து நிற்கும். ஏலத்திலும் அப்படித்தான். 2017-ல் நிதின் தோமர் 93 லட்சம், 2018-ல் மோனு கோயத் 1 கோடியே 51 லட்சம், இரண்டு பேரும் பாடுகிறவர்கள். பிடிக்கிறவர் ஒருவருக்கு ஒரு கோடி கிடைத்ததும் அதே 2018-ல்தான், ஈரான்காரர் ஃபாசல் அத்ராச்சலிக்கு. அந்த சீசனில் மும்பை அணியில் இடது ஓரம் அத்ராச்சலி, வலது ஓரம் 43 வயது சேரலாதன். நான் பார்த்த ஜோடிகளில் அதுதான் எனக்குப் பிடித்தது. ஒருவர் சிறுத்தை மாதிரி பாய்வார். இன்னொருவர் அசையாமல் நிற்பார், எதிராளி தவறு செய்கிற வரைக்கும். வேகம் குறைந்தவருக்குக் காத்திருக்கத் தெரியவேண்டும்.

2016-ல் பாட்னா அணிக்கு அவர்தான் கேப்டன். இறுதி ஆட்டத்தில் ஜெய்ப்பூரை 37-29 என்று வென்று கோப்பையை வாங்கினார்கள். அதே வருடம் அக்டோபரில் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பையில் இந்திய அணியிலும் இருந்தார். ஈரானை 38-29 என்று வென்றோம். 41 வயதில் உலகக் கோப்பை! கன்சாலஸுக்கு அந்த ஊர்ப் பெரிய கோப்பை கடைசி வரை கிடைக்கவே இல்லை.

சின்னப் பையன்கள் எல்லோரும் அவரை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவார்கள், வடக்கத்திப் பையன்கள் உட்பட. பெங்களூரு, தெலுங்கு டைட்டன்ஸ், பாட்னா, புனே, மும்பை, ஹரியானா, ஜெய்ப்பூர் என்று எட்டு சீசனில் ஏழு அணிகள். ஹரியானாவுக்குக் கேப்டனாகவும் இருந்தார். கபடியே மூச்சாக இருக்கிற ஊர்க்காரர்கள் ஒரு தஞ்சாவூர்க்காரரைத் தலைவராக வைத்துக்கொண்டார்கள். ஜெய்ப்பூருக்கு ஆடியபோது 46 வயது. கொரோனா காலம், பெங்களூரில் ஆளில்லாத அரங்கம். மெத்தை விரிப்பில் அவர் விழுகிற சத்தம் டி.வி.யில் நன்றாகவே கேட்டது.

தமிழ் தலைவாஸ் 2017-லேயே வந்துவிட்டது. அந்தப் பட்டியலில் அது இல்லை பாருங்கள். ஏலத்தில் ஆயிரம் கணக்கு இருக்கும், வயதான ஆளுக்கு எதற்குப் பணம் என்று நினைத்திருக்கலாம். மற்ற ஏழு பேர் அப்படி நினைக்கவில்லை என்பதுதான் எனக்கு இடிக்கிறது.

அண்ணன் ஒவ்வொரு சீசனும் என் வீட்டுக்கு வந்துதான் பார்ப்பார். முழங்கால் மடங்காது. நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு உட்காருவார். சேரலாதன் பிடித்துவிட்டால், அவர் கைவிரல்கள் தன்னாலே மடங்கும். 2014-ல் முதல் தடவை பார்த்தபோது, 'இந்தப் பையனுக்கு என்ன வயசுடா?' என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

'39-ஆ? சேத்துக்கிட்டாங்களா?'

'ஏலம் போட்டு எடுத்திருக்காங்கண்ணே.'

அதற்கப்புறம் வயதைப் பற்றிக் கேட்டதில்லை. 2017-லிருந்து வேறு கேள்வி. சீசன் தொடங்கியதும், 'இந்த வருஷம் எந்த ஊரு டீம்ல இருக்கான்?' என்பார். அந்த ஜெய்ப்பூர் வருடமும் கேட்டார்.

'ஜெய்ப்பூர்ண்ணே.'

'நம்ம டீம்ல எடுக்கலையா?'

'எடுக்கலைண்ணே.'

'சரி, சத்தத்தக் கூட்டி வை.'